விண்டோஸ் 10-ஐ மாற்றவா, வேண்டாமா?



தீபாவளிக்கு முன்பு, "விண்டோஸ் 10-க்கு ஆதரவு நிற்கப் போகிறதாமே, என்ன செய்யலாம்?" என்று இங்கே இரண்டே வரி எழுதிக் கேட்டிருந்தேன். அறுபது பேருக்கு மேல் பதில் போட்டிருந்தீர்கள். பாதிப் பேர் புதுசு வாங்கச் சொன்னீர்கள். கால்வாசிப் பேர் லினக்ஸ் கட்சி. ஒருவன் மட்டும், "சார், ஓம் விதியை முப்பது வருஷம் மாத்தாமத்தானே நடத்துனீங்க, விண்டோஸை மட்டும் ஏன் மாத்தணும்?" என்று கேட்டிருந்தான். அவன் இப்போது மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். வகுப்பிலும் அப்படித்தான் இருந்தான்.

முடிவு எடுத்துவிட்டேன். ஆனால் முடிவை மட்டும் எழுதினால் கணக்குக்கு விடையை மட்டும் எழுதி ஐந்து மதிப்பெண் கேட்பது போல ஆகும். வழியையும் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம். அங்கே உங்களிடம் ஒரு உதவி கேட்டிருக்கிறேன்.

என்னிடம் இருப்பது 2016-இல் வாங்கிய மேசைக் கணினி. இன்டெல் ஐ3, ஆறாம் தலைமுறை. நான்கு ஜிபி நினைவகம். தினமும் காலையில் ஒரு நிமிடம் முனகிவிட்டு எழுந்து உட்காரும். அதன் பிறகு எந்த வேலையும் சொன்னபடி செய்யும். மைக்ரோசாப்ட் கொடுக்கும் சோதனைச் செயலியை ஓட்டிப் பார்த்தேன். விண்டோஸ் 11-க்கு இந்தச் செயலி (அதாவது புராசஸர்) பட்டியலில் இல்லை என்று சொல்லிவிட்டது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பெரும்பாலும் அனுமதி. நன்றாக வேலை செய்கிற ஒன்றை வயதைக் காட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 2013-இல் 58 வயது ஆனபோது எனக்கும் அதுதான் நடந்தது. அதனால் கணினி மேல் கொஞ்சம் கூடுதலாகவே பரிவு வந்துவிட்டது.

ஏன் இந்தக் கெடுபிடி என்று படித்துப் பார்த்தேன். டிபிஎம் 2.0 என்று ஒரு பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறார்கள். கடவுச்சொல், பூட்டுச் சாவி போன்றவற்றை வன்தட்டில் வைக்காமல் தனியே ஒரு சிறு அறையில் பூட்டி வைப்பதற்கானது. புதிய செயலிகளில் இதையும் வேறு சில பாதுகாப்பு ஏற்பாடுகளையும் வேகம் குறையாமல் செய்ய வசதி இருக்கிறதாம். காரணம் சொத்தையானது இல்லை. இந்தச் சில்லின் வேலையைச் செய்யும் வசதி என் பழைய கணினியிலும் இருக்கிறது. செயலியின் தலைமுறைதான் உதைக்கிறது.

நம் ஊரிலேயே கணினிக் கடை வைத்திருக்கும் மாணவர் ஒருவர், "சார், அந்தச் சோதனையைத் தாண்டி 11-ஐப் போடுற வழி இருக்கு, ஒரு மணி நேர வேலை" என்றார். வழி இருப்பது உண்மைதான். ஆனால் அப்படிப் போட்ட கணினிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாப்டே எழுதி வைத்திருக்கிறது. புதுப்பிப்பு வேண்டும் என்பதற்காகத்தானே மாறுகிறோம்? மாறியபின் அதுவே நிச்சயமில்லை என்றால் எதற்கு மாறுவது என்று கேட்டேன். "அதுவும் சரிதான் சார்" என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

இன்னொரு சிக்கல், என் கணினியில் இருப்பது 32 பிட் விண்டோஸ். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32-இலிருந்து 64-க்கு அப்படியே ஏறவும் முடியாது. துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். 2016-இல் கடைக்காரர் 64 பிட் போடுகிறேன் என்றபோது நான்தான் பிடிவாதமாக 32 கேட்டு வாங்கினேன். அதற்குக் காரணம் நீங்கள்தான்.

1996 கோடை விடுமுறையில் மூன்று வாரம் கணினிப் பயிற்சிக்குப் போய்வந்து, பள்ளியில் அப்போது இருந்த ஒரே கணினியில் பாக்ஸ்ப்ரோவில் ஒரு மதிப்பெண் பதிவேடு எழுதினேன். டாஸ் காலத்துப் புரோகிராம். நீலத் திரையில் வெள்ளை எழுத்து வரும், நினைவிருக்கிறதா? ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் ரேங்க் பட்டியல் அச்சாகும் டாட் மேட்ரிக்ஸ் சத்தம் கேட்டால் வராண்டாவில் கூட்டம் கூடிவிடும். ஓய்வு பெறும் வரை 17 ஆண்டுகள் அதே புரோகிராமைத்தான் ஓட்டினேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ சேர்த்துச் சுமார் 2,100 பெயர்கள். இந்த 16 பிட் புரோகிராமை 32 பிட் விண்டோஸ் 10 ஓட்டும். 64 பிட் விண்டோஸ் தொடக்கூட மாட்டேன் என்று சொல்லிவிடும்.

மதிப்பெண் மட்டும் என்றால் பிரச்சினையே இல்லை. அந்தக் கோப்புகளை இன்றைய விரிதாள் செயலியில் நேராகத் திறந்துவிடலாம். லிப்ரே ஆபீஸில் திறந்து பார்த்தேன், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. யார் காலாண்டில் எத்தனை என்று என்னால் இப்போதும் சொல்ல முடியும். பயப்பட வேண்டாம், சொல்ல மாட்டேன். பேரன் பேத்தி எடுக்கப் போகிற வயதில் உங்கள் மானத்தை வாங்குவதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை.

ஆனால் 1998 முதல் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'குறிப்பு' என்று ஒரு இடம் வைத்திருந்தேன். பாக்ஸ்ப்ரோ இதை முதன்மைக் கோப்பில் வைக்காது. வேறொரு கோப்பில் எழுதி, இங்கிருந்து அங்கே ஒரு எண்ணால் முடிச்சுப் போட்டு வைக்கும். முடிச்சு அறுந்தால் எந்தக் குறிப்பு யாருடையது என்று தெரியாது. டாஸில் தமிழ் கிடையாது என்பதால் தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருக்கிறேன். போன மாதம் உட்கார்ந்து படித்தபோது நேரம் போனதே தெரியவில்லை. பெயர் இல்லாமல் மூன்று மட்டும் சொல்கிறேன்.

"அப்பா இல்லை. விடிகாலை பேப்பர் போடுகிறான். முதல் பீரியடில் தூங்கினால் எழுப்ப வேண்டாம்."

"கரும்பலகை தெரியவில்லை. கண்ணாடி கேட்டால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படுகிறாள். முதல் பெஞ்சுக்கு மாற்றியாச்சு. அம்மாவிடம் பேசணும்."

"செய்முறையில் கை நடுங்குகிறது. ஆள் இல்லாதபோது வெர்னியர் கொடுத்துப் பழக்கணும்."

தூங்கியவர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார், இதைப் படிப்பார். பட்டியலில் இன்று நம்மோடு இல்லாத நான்கு பேரும் இருக்கிறார்கள். அதில் ஒருவனுடைய குறிப்பு "நன்றாகப் பாடுவான், ஆண்டு விழாவில் சேர்க்கவும்" என்பதுதான். அவன் அம்மா இன்னும் சந்தைப் பக்கம்தான் இருக்கிறார். அதை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவும் இருக்கிற தட்டைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை.

பெங்களூரில் இருக்கும் மாணவி ஒருத்தி ஒரு வழி சொன்னாள். டாஸ்பாக்ஸ் என்று ஒரு இலவசச் செயலி. புதுக் கணினிக்குள்ளேயே பழைய டாஸ் கணினி ஒன்றை நடித்துக் காட்டும். பதிவேட்டை நகலெடுத்து மருமகனின் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். அதே நீலத் திரை! குறிப்புகளும் சரியாக அவரவர் பெயரில் வந்தன. ஆக, பழைய புரோகிராமுக்காகப் பழைய கணினியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. எல்லாக் குறிப்புகளையும் சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்கும் வேலையைத் தொடங்கிவிட்டேன். 2004 வரை முடிந்தது.

தமிழ்க் கோப்புகளின் கதை வேறு. "விண்டோஸ் 11 போட்டால் பழைய ஃபாண்ட் எல்லாம் போய்விடும்" என்று சிலர் பயமுறுத்தியிருந்தீர்கள். போகாது. எழுத்துருக் கோப்பை எடுத்துவைத்து அங்கேயும் நிறுவிக்கொள்ளலாம். உண்மையான நோய் விண்டோஸில் இல்லை. நாம் அந்தக் காலத்தில் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தது கணினியைப் பொறுத்தவரை தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். எழுத்துரு இருக்கும் வரை தமிழ், இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த குப்பை. தமிழக அரசே 2010-இல் ஒருங்குறிக்கு மாறிவிட்டது. என் வினாத்தாள்களும் பாடக் குறிப்புகளும் இன்னும் மாறவில்லை.

என்.எச்.எம். கன்வெர்ட்டரில் ஒரு வினாத்தாளைக் கொடுத்துப் பார்த்தேன். தமிழ் அழகாக வந்தது. ஆனால் மாற்றிக்கு எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாதல்லவா? மின்னழுத்தத்துக்கு நாம் போடும் 'வி', 'ஏ' ஆகிவிட்டது. மின்னோட்டத்தின் 'ஐ' தமிழ் 'ஐ' ஆனது, அது பொருத்தம்தான். மின்தடையின் 'ஆர்' மட்டும் 'சு' என்று வந்து நின்றது. ஏ, ஐ, சு என்று ஓம் விதியைப் பார்த்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எனவே சமன்பாடு உள்ள பக்கங்களைக் கையால் திருத்த வேண்டும். அது மாதக்கணக்கான வேலை. ஆனால் அதற்கும் விண்டோஸ் எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "ஒண்ணும் செய்யாமல் அப்படியே ஓட்டினால் என்ன?" என்று என் தம்பி கேட்டான். அக்டோபர் 14-க்குப் பிறகும் கணினி ஓடுகிறதே என்கிறான். ஓடும். ஆதரவு முடிந்தது என்றால் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. கூரையில் புதிதாக ஓட்டை கண்டுபிடித்தால் இனி யாரும் வந்து அடைக்க மாட்டார்கள் என்று அர்த்தம். வைரஸ் தடுப்பு இருக்கிறதே என்பீர்கள். விண்டோஸ் டிபெண்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது வாசலில் தெரிந்த திருடனின் படத்தைப் பார்த்துத் தடுக்கும் காவல்காரர் மாதிரி. கொல்லைப்புறச் சுவர் இடிந்து கிடந்தால் அவர் என்ன செய்வார்?

2017 மே மாதம் வன்னாகிரை வந்ததே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகளையே தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. இரண்டு மாதம் போடாமல் விட்ட கணினிகள்தான் பெரும்பாலும் மாட்டின. திருத்தம் வந்தும் போடாதவர்களுக்கே அந்த நிலை. இனி திருத்தமே வராது என்றால்?

என் கணினியில் என் சங்கதி மட்டும் இருந்தால் தம்பி சொன்னபடியே விட்டிருப்பேன். ஓய்வு பெற்றபின் அக்கம்பக்கத்து முதியவர்களுக்கு ஓய்வூதிய வேலைகள் பார்த்துக் கொடுக்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ரயில்வே, தபால் துறை என்று 30-க்கும் மேற்பட்டவர்கள். நவம்பர் வந்தால் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கத் திண்ணை நிறைந்துவிடும். 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம் என்பதால் அவர்கள் கொஞ்சம் முன்னாடியே வருவார்கள். சான்றை இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடுகிறோம். ஆனால் அவர்களுடைய ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஓய்வூதிய ஆணை எல்லாம் ஸ்கேன் ஆகி என் கணினியில் இருந்தன. என்னை நம்பிக் கொடுத்தவை. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்கு அந்த ஓய்வூதியத்தைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. என் வீட்டுக் கூரை ஒழுகினால் நான் நனைவது என் இஷ்டம். அடுத்தவர் காகிதத்தை அதற்கடியில் வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை.

அப்படியானால் புதுசு வாங்கிவிட வேண்டியதுதானே? விசாரித்தேன். எனக்குத் தேவையான அளவுக்கு 48,000 ரூபாய் சொன்னார்கள். பணம் கையில் இருந்தது. ஆனால் அது என் மனைவியின் காதுக் கருவிக்காக எடுத்து வைத்தது. இரண்டு காதுக்கும் சேர்த்து 52,000. ஒரு வருடமாகத் தள்ளிக்கொண்டே வந்தோம். வீடியோவில் பேத்தி பேசினால் இவள் சிரித்துத் தலையாட்டுவாள், என்ன சொன்னாள் என்று பிறகு என்னிடம் கேட்பாள். கணினிப் பேச்சு வந்தபோது, "ஏங்க, நீங்க கம்ப்யூட்டரை வாங்குங்க. அத்தனை பேரு உங்களை நம்பி வாராங்க. எனக்கு ஒரு காது நல்லாத்தானே கேக்குது" என்றாள். நல்லாக் கேட்கிற காது எவ்வளவு கேட்கிறது என்பது பரிசோதனைத் தாளிலேயே இருக்கிறது.

இரண்டுக்கும் நானே பணம் தருகிறேன் என்று மகன் சொன்னான். அவன் இதைப் படிப்பான். வீட்டுக் கடன் தவணை எவ்வளவு என்று எனக்குத் தெரியுமப்பா, கோபப்படாதே.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 2009-இல் படித்த இருவர் பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் கொண்டுவந்தார்கள். வன்தட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டினார்கள். 2011-இல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் இருந்ததே, அதை அன்று நான் கொஞ்சம் தட்டிப் பார்த்திருக்கிறேன். அதைவிட இது எவ்வளவோ பரவாயில்லை. தமிழ்99 விசைப்பலகை வந்தது, வங்கித் தளம் திறந்தது, டாஸ்பாக்ஸில் நம் பதிவேடும் ஓடியது. ஸ்கேனர் மட்டும் முரண்டு பிடித்தது. மதியம் சாப்பிட்ட பிறகு அதுவும் வழிக்கு வந்தது. கோழிக் குழம்பின் மகிமை என்றார்கள்.

இனி முடிவு. விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டுப் பயனாளர்களுக்குக் கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று ஒரு வருட நீட்டிப்பு இருக்கிறது. 2026 அக்டோபர் 13 வரை. 30 டாலர் கட்டலாம், அவர்களுடைய ரிவார்ட்ஸ் புள்ளி ஆயிரம் இருந்தால் அதைக் கொடுக்கலாம், அல்லது கணினியின் அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம். எப்படியானாலும் அவர்களிடம் கணக்கு வேண்டும். இதுவரை கணக்கே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் மனமில்லாமல்தான் தொடங்கினேன், இலவச வழியில் சேர்ந்துவிட்டேன். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் சேருவதற்கான இணைப்பு அங்கேயே இருக்கும். உங்கள் அப்பா அம்மா வீட்டுக் கணினியிலும் சேர்த்துவிடுங்கள், அவர்களாகச் செய்ய மாட்டார்கள்.

முதியவர்களின் காகிதங்களில் வேலை முடிந்தவற்றை அழித்துவிட்டேன். மீதியைக் கடவுச்சொல் போட்டு வெளித்தட்டு ஒன்றில் வைத்து பீரோவில் பூட்டியாயிற்று. தேவைப்படும்போது மட்டும் செருகுவேன். ஒவ்வொருவரிடமும் போய், உங்கள் காகிதம் இப்போது இங்கே இருக்கிறது என்று சொல்லியும் வந்தேன். ஒரு பாட்டி, "நீங்க எங்க வச்சாலும் சரி சார், நவம்பர் மாசம் பென்ஷன் வந்துரும்லா?" என்று கேட்டார்.

அடுத்த அக்டோபருக்குள் குறிப்புகள் முழுவதையும் எடுத்துவிட்டு, இதே கணினியில் ஒரு எஸ்எஸ்டி மாட்டி, மின்ட்டைப் போட்டுக்கொள்வதாகத் திட்டம். இந்தச் செயலி 64 பிட்டுக்குத் தகுதியானதுதான், நான்தான் 32-இல் வைத்திருந்தேன். அந்த 2009 பையன்கள் இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காதுக் கருவி போன வாரம் திருநெல்வேலியில் வாங்கியாயிற்று. முதல் இரண்டு நாள் மிக்சி சத்தத்துக்கே கழற்றி வைத்தாள். இப்போது நான் முணுமுணுப்பதும் கேட்கிறது.

உங்களில் யாருக்காவது உங்களைப் பற்றிய குறிப்பு வேண்டுமானால் மெசஞ்சரில் கேளுங்கள், படித்த ஆண்டைச் சொல்லுங்கள். அவரவருடையதை மட்டும் அனுப்புவேன். நம் வகுப்பிலேயே காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட மூன்று ஜோடிகளும் மற்றவருடையதைக் கேட்க வேண்டாம்.

கேட்க நினைத்த உதவி இதுதான். 1996, 97, 98 பதிவேடுகளின் நகல் 11 பிளாப்பிகளில் இருக்கிறது. மூன்றரை அங்குலம், 1.44 எம்பி. அவற்றில் இரண்டு தேர்வுகளின் விவரம் கணினியில் இல்லை. யாரிடமாவது யூஎஸ்பி-இல் செருகும் பிளாப்பி டிரைவ் இருந்தால் ஒரு வாரத்துக்குக் கடன் கொடுங்கள். கூரியர் செலவு இரண்டு பக்கமும் என்னுடையது.